மருந்து பூசிய ஸ்டென்ட் எத்தனை வருடம் தாங்கும்?

கேள்வி: அப்பாவுக்குப் போன மாதம் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். தெரிந்தவர் ஒருவர், "அதன் ஆயுள் பத்து வருடம்தான்" என்கிறார். உண்மையா? அதற்கப்புறம் என்ன ஆகும்?

பதில்: ஸ்டென்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. 2011 டிசம்பரில் எங்கள் அப்பாவுக்கு வைத்தபோது எங்கள் வீட்டிலும் இதே பத்து வருடப் பேச்சு வந்தது. அம்மா யாரிடமும் சொல்லாமல் 2021 என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த வருடம் வந்தது, போனது. அப்பா இருக்கிறார், அந்த ஸ்டென்டும் அடைக்காமல் இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. ஒவ்வொரு செக்கப்புக்கும் அப்பாவோடு போய், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட மகள், அவ்வளவுதான்.

ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோக வலைக்குழாய். இப்போது வருபவற்றில் கம்பியின் தடிமன் ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவுதான். 1977-இல் சூரிச்சில் குருன்ட்சிக் என்ற டாக்டர் முதன்முதலாகப் பலூனால் இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்தார். ஆனால் விரித்த குழாய் பலருக்கு மறுபடி சுருங்கியது. 1986-இல் ஸ்டென்ட் வந்தபோது குழாய் சுருங்குவது குறைந்தது, வேறொரு தொல்லை முளைத்தது. காயம் ஆறும்போது தழும்பு வளர்வதுபோல வலைக்குள்ளே சதை வளர்ந்து, நாலில் ஒருவருக்கு மறுபடி அடைத்தது. அந்த வளர்ச்சியை அடக்கத்தான் மேலே மருந்து பூசினார்கள். முதலில் பூசிய சிரோலிமஸ் மருந்து ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. 2002-இல் வெளிவந்த ராவெல் ஆய்வில் 238 பேர். ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தால், வெறும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு மறு அடைப்பு. மருந்து பூசியதில் ஒருவருக்குக்கூட இல்லை.

ஆனால் சதையை வளரவிடாத மருந்து காயத்தையும் சீக்கிரம் ஆறவிடாது. உலோகத்தின் மேல் மெல்லிய தோல் மூடினால்தான் ரத்தம் அதை வேற்றுப்பொருளாகப் பார்க்காது. முதல் தலைமுறை ஸ்டென்ட்களில் இந்தத் தோல் மூட மிகவும் தாமதமானது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தும் சிலருக்குத் திடீரென்று உள்ளே ரத்தம் உறைந்து மாரடைப்பு வந்தது. 2006-இல் பார்சிலோனா இதய மாநாட்டில் இது பெரிய புயலையே கிளப்பியது. அதன்பிறகு கம்பி மெலிந்தது, மருந்தும் பூச்சும் மாறின. உங்கள் அப்பாவுக்குப் போன மாதம் வைத்தது அநேகமாகப் புதிய வகைதான். ஜெர்மனியில் 2,603 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்த இசார் டெஸ்ட் 4 ஆய்வில், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தது பழைய சிரோலிமஸ் வகையில் 3.7 சதவீதம், எவெரோலிமஸ் என்ற மருந்து பூசிய புதிய வகையில் 2.5 சதவீதம். பத்து வருடம் முழுவதற்கும் சேர்த்த கணக்கு இது. உங்களைப் பயமுறுத்தியவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பூசிய மருந்து முக்கால்வாசி ஸ்டென்ட்களில் சில மாதங்களிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் மருந்தில்லாத வலைதான் உடலோடு இருக்கிறது. அந்தத் தொடக்க மாதங்களில் அதைக் காப்பது, ரத்தம் உறையாமல் தடுக்க வாயில் போடும் குளோபிடோகிரல், ஆஸ்பிரின் என்ற இரண்டு மாத்திரைகள்தான். இதில் நாங்கள் ஒருமுறை சறுக்கினோம்.

2012 மே மாதம். ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகித் தாடை வீங்கியிருந்தது. நான் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு மாத்திரை அட்டையின் பின்னாலும், பிரித்த தேதியைப் பேனாவால் எழுதி வைப்பது அம்மாவின் பழக்கம். ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது குளோபிடோகிரல் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். தேதிக் கணக்குப்படி மூன்று மாத்திரை கூடுதலாக இருந்தது. ஆஸ்பிரின் அட்டையிலும் அதே மூன்று.

"பல்லு டாக்டர்தாம்மா ரெண்டையும் அஞ்சு நாள் நிறுத்திட்டு வரச் சொன்னாரு. இல்லேன்னா ரத்தம் நிக்காதாம்" என்றார் அப்பா. அவர் மேல் தப்பில்லை, ஒரு டாக்டர் சொன்னதைத்தான் கேட்டார். இதய டாக்டருக்குப் போன் செய்தேன். "காலைல வரைக்கும் வேண்டாம், இப்பவே ரெண்டையும் குடுங்க" என்றார். நாலு நாள் கழித்து வேறொரு பல் மருத்துவரிடம், மாத்திரையை நிறுத்தாமலேயே பல்லை எடுத்தோம். இரண்டு தையல் போட்டு, பஞ்சை ஒரு மணி நேரம் கடித்துக்கொண்டிருக்கச் சொன்னார். சாயங்காலம்வரை லேசாகக் கசிந்தது, நின்றுவிட்டது. பல்லில் கசியும் ரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம். ஸ்டென்டுக்குள் உறைந்தால் அங்கே யாரும் கை வைக்க முடியாது. அந்த மூன்று மாத்திரைகளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தால் பொதுவாக ஒரு வருடம் இரண்டு மாத்திரை, மாரடைப்பு இல்லாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் ஆறு மாதம். அப்புறம் ஒன்று மட்டும் ஆயுளுக்கும். ரத்தப்போக்கு அபாயம் உள்ளவர்களுக்கு இதை இன்னும் குறைப்பார்கள். அதை இதய டாக்டர் முடிவு செய்யட்டும். பல், கண், மூலம், எதற்கு ஆபரேஷன் என்றாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

'அதற்கப்புறம் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு எங்கள் வீட்டுப் பதில் பத்து வருடம் ஆகும் முன்பே, 2019-இல் கிடைத்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் மாடிப்படி ஏறும்போது அப்பா பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. ஸ்டென்ட் அடைத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆஞ்சியோ முடிந்ததும் டாக்டர் என்னைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். முன்பக்கக் குழாயில் பழைய ஸ்டென்ட் மங்கலான வலை நிழலாகத் தெரிந்தது, அதற்குள் சாயம் தடையில்லாமல் ஓடியது. அவர் விரல் வைத்துக் காட்டியது வலது பக்கக் குழாயை. அங்கே கறுப்புக் கோடு ஓரிடத்தில் நூலாக இளைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து 2011 ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வலது குழாயில் 30 சதவீதம் சுருக்கம் என்று ஒரு வரி இருந்தது. அன்றைக்கு எங்கள் கண்ணுக்கு ஸ்டென்ட் மட்டும்தான் தெரிந்தது. ப்ராஸ்பெக்ட் என்ற ஆய்வும் இதையே சொல்கிறது. 697 பேரை மூன்று வருடம் கவனித்தார்கள். ஸ்டென்ட் வைத்த இடத்தால் 12.9 சதவீதம் பேருக்குப் பிரச்சினை, வைக்காத இடங்களால் 11.6 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. அந்த வேறு இடங்கள் பெரும்பாலும் முதல் படத்தில் சாதாரணச் சுருக்கமாகத் தெரிந்தவைதான்.

ஸ்டென்ட் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடத்தைத்தான் சரி செய்கிறது. மீதிக் குழாய் முழுவதும் நம் பொறுப்பு. நார்வேயில் 9,013 பேரை ஆறு வருடம் பார்த்தார்கள். இறப்பும் மாரடைப்பும் சேர்த்து மருந்து பூசியதில் 16.6, வெறும் ஸ்டென்டில் 17.1 சதவீதம். இது வித்தியாசமே இல்லை. மறுபடி ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ செய்யும் தேவைதான் 19.8-இலிருந்து 16.5 ஆகக் குறைந்தது. மருந்துப் பூச்சின் லாபம் அதுதான். நல்ல லாபம்தான், ஆனால் ஆயுளுக்கு அது காவல் இல்லை.

அப்பா 2014-இல் கொழுப்பு மாத்திரையை விட்டுவிட்டார். 'கொழுப்பு நார்மல்' என்று லேப் ரிப்போர்ட்டில் வந்ததால், இனி வேண்டாம் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். மாத்திரை போட்டதால்தான் நார்மல் என்று சொல்லிக் கொடுக்க எனக்கும் தோன்றவில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு, லேப் தாளில் அச்சடித்திருக்கும் நார்மல் அளவு போதாது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறது 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல். சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சர்க்கரையோடு மூன்று குழாயிலும் அடைப்பு என்றால் ஸ்டென்டா பைபாஸா என்று கட்டாயம் கேளுங்கள். ஃப்ரீடம் ஆய்வில் அப்படிப் பல குழாய் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளில் ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் ஸ்டென்டில் 16.3 சதவீதம், பைபாஸில் 10.9 சதவீதம்.

இருமினால் நகருமா, எடை தூக்கினால் நகருமா என்று அம்மா கேட்பார். நகராது, சதையோடு மூடிக்கொண்டது. எம்ஆர்ஐ எடுக்கலாம், ஸ்டென்ட் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். டிஸ்சார்ஜ் ஃபைலில் அந்த அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஸ்டென்டின் பெயர், அளவு, எண் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எங்கள் அட்டையில் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது. போட்டோ எடுத்து நாங்கள் மூன்று பேரும் போனில் வைத்திருக்கிறோம். ரிப்போர்ட்டில் மற்ற குழாய்களைப் பற்றிய வரியையும் சேர்த்துப் போட்டோ எடுத்து, அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள்.