சிறுநீர்க் கசிவு, இடுப்புத்தளக் கோளாறுகளுக்குச் சிகிச்சையளிக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் எங்கே, எப்படிப் பயிற்சி பெறலாம்?

கேள்வி கேட்டவர் பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் படிப்பை முடித்து, குடியாத்தம் பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் மூட்டுவலி, முதுகுவலி நோயாளிகளைப் பார்த்துவருகிறார். முதுகுவலிக்கு வரும் பெண்களில் பலர், நன்கு பழகிய பிறகு, இருமினால் நீர் கசிகிறது என்று தயங்கிச் சொல்கிறார்களாம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் தசைகளைத்தான் இடுப்புத்தளம் என்கிறோம். அவர்களுக்கு உதவ ஓர் இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பு போதுமா, தசை சுருங்குவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் கருவி வாங்கியே ஆக வேண்டுமா, நம் பக்கத்தில் இதற்கென்று நோயாளிகள் வருவார்களா என்பவை அவருடைய மூன்று கேள்விகள். வேலூரில் இதே வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில், போதாது என்பதுதான். இணையவழிப் படிப்புகளை நான் இகழவில்லை. மலக்குடலும் ஆசனவாயும் சேரும் இடத்தைப் பின்புறமாக வளைத்துப் பிடிக்கும் பியூபோரெக்டாலிஸ் முதலான லெவேட்டர் ஏனை எனப்படும் இடுப்புத்தளத் தசைகள், முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் எஸ்2 முதல் எஸ்4 வரையிலான நரம்பு வேர்கள், சிறுநீர்ப்பை நிரம்புவதும் காலியாவதும் எப்படி நடக்கின்றன என்பது போன்ற, பி.பி.டி. வகுப்பில் நாம் வேகமாகக் கடந்துவந்த பாடங்களை வீட்டில் உட்கார்ந்தே நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சிகிச்சை நிற்பதும் விழுவதும் பரிசோதனையில்தான். அனுபவமுள்ள ஒருவர் அருகில் நின்று திருத்தாமல் அந்தப் பரிசோதனை கைக்கு வராது.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், தவறாகச் செய்யப்படும் இடுப்புத்தளப் பயிற்சி பயனற்றுப் போவதோடு நிற்பதில்லை. அமெரிக்க மகளிர் நோயியல் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோது, பெரினியோமீட்டர் என்ற அழுத்தமானியைப் பயன்படுத்தி, தசை சுருங்குவதை நோயாளியே பார்த்து அறியும்படி செய்துதான் கற்றுக்கொடுத்தார். காலப்போக்கில் அவருடைய பெயர் நிலைத்தது, அந்தக் கவனம் நிலைக்கவில்லை. பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்ணின் கையில் ஒரு தாளைக் கொடுத்து "கெகல் செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்புவதோடு பல இடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. 1991இல் பம்ப் என்பவரும் அவருடைய குழுவினரும், 47 பெண்களுக்கு வாய்மொழியாக மட்டும் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அளந்து பார்த்தபோது, சரியாகச் செய்தவர்கள் 23 பேர்தான். 12 பேர் கசிவைக் கூட்டிவிடக்கூடிய விதத்தில் செய்துகொண்டிருந்தார்கள். உள்ளிழுத்து மேலே தூக்க வேண்டிய தசையை, மலம் கழிக்கும்போது முக்குவதைப்போலக் கீழே தள்ளுகிறவர்களை நான் இன்றும் அடிக்கடி பார்க்கிறேன், அவர்களில் சிலர் மாதக்கணக்கில் அதை விடாமல் செய்தவர்கள். சரியாகக் கற்றுக்கொண்டு செய்தவர்களின் நிலை வேறு: பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட மறுஆய்வில், இருமல், தும்மலோடு வரும் அழுத்தக் கசிவு உள்ள பெண்களில், பயிற்சி செய்தவர்களுள் 56 விழுக்காட்டினர் குணமானதாகத் தெரிவித்திருக்கிறார்கள்; பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழுவில் அது 6 விழுக்காடு.

ஆகவே எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்வதற்கு முன்பும், அங்கே மேற்பார்வையின் கீழ் நீங்கள் பரிசோதனை செய்து பழக முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். கையுறை அணிந்த விரலால் யோனி வழியாகத் தசையின் வலிமையை உணர்ந்து, திருத்தப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு அளவுகோலில் 0 முதல் 5 வரை மதிப்பிடுவதும், எத்தனை வினாடி தாங்குகிறது, எத்தனை முறை திரும்பச் செய்ய முடிகிறது, எத்தனை விரைவுச் சுருக்கங்கள் வருகின்றன என்று பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்ட் ஜோ லேகாக்கின் பெர்ஃபெக்ட் (PERFECT) முறையில் குறிப்பதும் படித்துவிட்டுச் செய்துவிடக்கூடியவை அல்ல. 2க்கும் 3க்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் விரலும் ஆசிரியரின் விரலும் ஒன்றாகச் சொல்ல ஆரம்பிக்கும்வரை பழக வேண்டும். நோயாளியின் சம்மதத்தை எழுத்தில் பெறுவது, இன்னொரு பெண் ஊழியரை உடன் வைத்துக்கொள்வது, எந்த நொடியிலும் "போதும்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது ஆகியவையும் இதே பாடத்தின் பகுதிகள். திருமணமாகாத பெண்கள், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்கள், தொற்று உள்ளவர்கள், மருத்துவர் அனுமதிக்காத கர்ப்பிணிகள் ஆகியோருக்கு உட்பரிசோதனை செய்யாமல், வெளியிலிருந்து பெரினியம் (யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி) மேலெழுவதைக் கவனித்தோ வயிற்றின் மேல் வைக்கும் அல்ட்ராசவுண்டு மூலமோ மதிப்பிடவும் கற்றுத்தருகிறார்களா என்று பாருங்கள். அதைக் கற்றுத்தராத வகுப்பு நம் ஊருக்குப் பாதிப் பயன்தான் தரும்.

பரிசோதனைக்கு முன்பு கேட்டறியும் வேலை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுப் பாடத்திட்டம் எதுவும் அதை நமக்காகச் செய்து தராது. மாமியாரோ நாத்தனாரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கையில் எந்தப் பெண்ணும் வாயைத் திறக்க மாட்டாள். உடன் வந்தவரை மரியாதையாக வெளியே அனுப்புவதும் ஒரு தொழில்திறன். "சிறுநீர்க் கட்டுப்பாட்டில் பிரச்சினை உண்டா?" என்று கேட்டால் "இல்லைங்க மேடம்" என்று சொல்பவரே, "தும்மினா, குடம் தூக்கினா ஒன்னுக்கு வந்துடுதாம்மா?" என்று கேட்டதும் அழுதுவிடுவதுண்டு. வயதானவரிடம், "ஆயா, பாத்ரூம் போய்ச் சேர்றதுக்குள்ள வந்துடுதா?" என்று கேட்டால், அவசரக் கசிவா என்பது அந்த ஒரே கேள்வியில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். "அடி இறங்குது" என்று சொன்னால் கர்ப்பப்பை இறக்கத்தை நினையுங்கள். தொழிலையும் கட்டாயம் கேளுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களும், நாள் முழுவதும் பீடி சுற்றும் பெண்களும், கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வதை நான் தொடர்ந்து காண்கிறேன். அதனால் மலச்சிக்கல் வருகிறது, முக்குவதால் தளத் தசைகள் மேலும் தளர்கின்றன, அடர்ந்த சிறுநீரால் எரிச்சலும் அவசரமும் கூடுகின்றன. இவர்களிடம் தசைப்பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார், எவ்வளவு கழித்தார், எப்போது கசிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மகளோ பேரனோ எழுதித் தருவார்கள். அளக்க, கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும்.

அந்தக் குறிப்பு கையில் இருந்தால்தான் எல்லாருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுக்கும் பழக்கம் விடும். அழுத்தக் கசிவுக்குத் தசைவலுப் பயிற்சியும், இருமுவதற்குச் சற்று முன்பே தசையை இறுக்கிக்கொள்ளும் உத்தியும் உதவும். அவசரக் கசிவுக்கு, கழிப்பறைக்குப் போகும் இடைவெளியைக் கால் மணி, அரை மணியாகப் படிப்படியாக நீட்டும் சிறுநீர்ப்பைப் பயிற்சி முதன்மையானது. நீண்டகாலச் சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டு, சிறுநீர்ப்பை காலியாகாமல் நிரம்பி வழிகிறவருக்கு இவை இரண்டுமே விடை அல்ல. சிறுநீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்க்காமல் அவரைத் தொடவே கூடாது. தசை தளராமல் எந்நேரமும் இறுகிக் கிடப்பதால் உடலுறவில் வலியும் சிறுநீர் கழிப்பதில் தடையும் உள்ளவர்களுக்கு முதலில் தளர்த்தக் கற்றுத்தர வேண்டும், அவர்களுக்குக் கெகல் கொடுத்தால் வலிதான் மிஞ்சும். பிரசவத்தின்போது ஆசனவாய்ச் சுருக்குத்தசை கிழிந்து, வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாமல் அதைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் வாழ்கிறவர்கள் தனி வகை. அவர்களை நீங்களாகக் கேட்காமல் கண்டுபிடிக்க முடியாது. சிறுநீரில் ரத்தம், முதுகுவலியோடு திடீரென்று உட்காருமிடம் மரத்துப்போய்ச் சிறுநீர் அடைத்துக்கொள்வது ஆகியவற்றைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். முதுகுவலி நோயாளிகளையே பார்த்துவரும் உங்களுக்கு இரண்டாவது அறிகுறி மிக முக்கியம்.

எங்கே கற்பது என்பதில், நீங்கள் இருக்கும் இடம் சாதகமானது. விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966இல் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. இன்று அது அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. முதுகுத்தண்டு காயம் பட்டவர்களின் மறுவாழ்வில் சிறுநீர்ப்பையைப் பராமரிப்பது நடைப்பயிற்சிக்கு இணையான இடத்தைப் பெறுகிறது. அமெரிக்கச் சிறுநீர்ப்பாதை மருத்துவர் லாபிடஸ் 1972இல் எழுதிய பிறகு உலகெங்கும் பரவிய, நோயாளி தாமே அவ்வப்போது சுத்தமான கதீட்டரைச் செருகி எடுக்கும் முறையை அத்தகைய வார்டில் பார்ப்பவருக்கு, நரம்பு சார்ந்த சிறுநீர்ப்பை என்பது பாடப்புத்தகப் பக்கமாக இருக்காது. போதனா மருத்துவமனைகளில் மறுவாழ்வு, சிறுநீர்ப்பாதையியல் (யூராலஜி), மகளிர் நோயியல் துறைகளில் பார்வையாளராக இருக்க அனுமதி கிடைக்குமா என்று முறைப்படி எழுதிக் கேளுங்கள். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை அறையில் சில நாட்கள் நிற்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பும்போது அழுத்தக்கோடு எழும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு, அவசரக் கசிவை நோயாளிக்கு விளக்கும் விதமே மாறிவிடும்.

வெளிநாட்டுச் சான்றுகளில், பிரிட்டனில் இத்துறைப் பிசியோதெரபிஸ்ட்டுகளின் தொழில்முறை அமைப்பான பி.ஓ.ஜி.பி. நடத்தும் வகுப்புகளும், இடுப்புத்தளத் தசைக்கென்றே தனிச் சான்று வழங்கும் அமெரிக்காவின் பி.சி.ஐ.ஏ. அமைப்பும் பெயர் பெற்றவை. ஆனால் எந்தச் சான்றிதழும் நம் நாட்டில் தொழில் செய்யும் உரிமத்துக்கு மாற்றாகாது; துணைமருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டு தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் பிசியோதெரபி வருகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சனி, ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பெயர்ப்பலகையில் "இடுப்புத்தள நிபுணர்" என்று எழுதிக்கொள்வது இப்போது பரவிவருகிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கருவி வாங்க அவசரப்பட வேண்டாம். பிரிட்டனில் 600 பெண்களைக் கொண்டு நடந்து, 2020இல் வெளியான ஓபல் ஆய்வில், தசைப்பயிற்சியோடு மின்தசைப் பயோஃபீட்பேக்கும் பெற்றவர்களுக்கும் தசைப்பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கசிவின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரு குழுவினரையும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் நேரில் சந்தித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தசையைச் சுருக்கவே தெரியாதவருக்கும், மலம் கழிக்கும்போது தளர்த்த வேண்டிய தசையை இறுக்கிவிடுகிறவருக்கும் திரையில் கோட்டைக் காட்டுவது உதவுகிறது என்பது என் அனுபவம். ஆனால் தொடக்கத்தில் கதவு தாழிடக்கூடிய அறை, திரைச்சீலை, கையுறை, ஒரு கைக்கண்ணாடி, கசிவில் நனைந்த பேடை எடைபோட்டு அளக்க ஒரு சிறிய தராசு ஆகியவை போதும். மின்தூண்டல் கருவியை விற்க வருபவர், அதைப் பேஸ்மேக்கர் உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் பயன்படுத்தக் கூடாது என்பதைச் சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அவர் யார் என்பது தெரிந்துவிடும்.

நோயாளிகள் வருவார்களா என்ற கேள்விக்கு, அவர்கள் ஏற்கெனவே உங்களிடம் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்வேன். முதுகுவலிக்கு வரும் பெண்கள் எல்லாரிடமும் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள். பிராஸ்டேட் அறுவைக்குப் பின் கசிவோடு வீடு திரும்பும் ஆண்கள் பெண்களைவிட அதிகமாகக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்கு ஆண் சிகிச்சையாளர் ஒருவரை இணைத்துக்கொள்வது நல்லது. நம் பக்கத்தில் தமிழோடு தெலுங்கும் உருதும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பேர்ணாம்பட்டிலிருந்து வரும் ஒருவரிடம் இந்த விஷயத்தை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டுப் பயனில்லை. பயிற்சி பலன் தர மூன்று மாதமாவது ஆகும் என்பதை முதல் நாளே சொல்லி, நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு எட்டுச் சுருக்கங்களுக்குக் குறையாமல் என்ற அளவில் தொடங்கி, இடையில் சில முறை மட்டும் நேரில் வரச் சொல்லுங்கள். தினமும் வரச் சொன்னால் பேருந்துச் செலவுக்கும் அரைநாள் கூலிக்கும் பயந்து நின்றுவிடுவார்கள். மூன்று மாத முடிவில், முதல் நாள் சிறுநீர்க் குறிப்பையும் கடைசிக் குறிப்பையும் ஒரே பக்கத்தில் வைத்து, ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பையும் சேர்த்து, அனுப்பிவைத்த மகப்பேறு மருத்துவருக்கோ சர்க்கரை மருத்துவருக்கோ ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். குணமாகாதவர்களைப் பற்றியும் எழுதுங்கள், அறுவைச் சிகிச்சை தேவைப்படுமா என்று முடிவெடுக்க அவர்களுக்கு அந்தக் கடிதம்தான் வேண்டும்.