டாக்டர், எனக்கு மீன் சமைக்கத் தெரியாது!

கேள்வி: என் வயது 62. ஓய்வு பெற்று கோவையில் தனியாக இருக்கிறேன். மனைவி தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். 12 வருடமாகச் சர்க்கரையும் பிபியும் உண்டு. "மட்டனைக் குறைத்து மீன் சாப்பிடுங்கள்" என்று இதய மருத்துவர் சொன்னார். எனக்குச் சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் மட்டும்தான் தெரியும். அதனால் வாரம் மூன்று நாள் கடையில் வஞ்சிரம் வறுவல் வாங்கி வந்து இரவில் சாப்பிடுகிறேன். இது சரிதானா? மீன் சாப்பிட்டுவிட்டு மோர் குடித்தால் வெண்புள்ளி வரும் என்கிறார்களே? அடுத்த மாதம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள். குழந்தை பிறந்ததும் பால் நன்றாகச் சுரக்க அவளுக்குப் பால்சுறாப் புட்டு கொடுக்க வேண்டும் என்கிறார் என் அக்கா. செய்யலாமா?

பதில்: முதலில் ஒரு பாராட்டு. ஸ்டென்ட் வைத்தவர்களிடம் நான் "மீன் சாப்பிடுங்கள்" என்று சொன்னால் பாதிப் பேர் தலையை ஆட்டிவிட்டு மறுவாரம் பிரியாணிக் கடையில் நிற்பார்கள். நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மீனை வாங்கி வரும் இடம் சரியில்லை.

வேல்ஸ் நாட்டில் மாரடைப்பிலிருந்து மீண்ட 2,033 ஆண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1989-ல் வெளிவந்தது. வாரம் இரண்டு முறையாவது கொழுப்புள்ள மீன் சாப்பிடச் சொல்லப்பட்டவர்களில், இரண்டு ஆண்டுகளில் இறப்பு சுமார் 29 சதவீதம் குறைவாக இருந்தது. உலகம் முழுக்க இதய மருத்துவர்கள் மீனைப் பற்றிப் பேசத் தொடங்கியதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே அதே பலனைக் காட்டிவிடவில்லை. அதனால் மீன் நல்ல உணவு, அவ்வளவுதான். அதைத் தின்கிறோம் என்பதற்காக மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது.

உங்கள் வறுவலுக்கு வருவோம். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய சுமார் 3,900 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2003-ல் ஒரு கட்டுரை வந்தது. சுட்டோ வேகவைத்தோ மீன் சாப்பிட்டவர்களிடம் இதய நோய் இறப்பு குறைவாகத் தெரிந்தது. பொரித்த மீன் சாப்பிட்டவர்களிடம் அந்த நன்மை தெரியவில்லை. நம் ஊர் வறுவல் கடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையில் ஊற்றிய எண்ணெய் இரவு பத்து மணிக்கும் அதே சட்டியில் கொதிக்கிறது. மேலே மைதாவும் சோளமாவும், கைநிறைய உப்பும். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிபி உள்ள நீங்கள் அதில் பெரும்பகுதியை இரண்டு துண்டு வறுவலிலேயே முடித்துவிடுவீர்கள். மட்டனிலிருந்து தப்பி எண்ணெய்ச் சட்டியில் விழுந்திருக்கிறீர்கள், ஐயா!

வஞ்சிரம் மோசமான மீன் இல்லை. ஆனால் அது கௌரவத்துக்கு வாங்கும் மீன். இதயத்துக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு மத்தியிலும் அயிலையிலும் நிறைய இருக்கிறது, விலையோ வஞ்சிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. என் ஊர் குளச்சல் பக்கம். அங்கே மத்தியைச் சாளை என்போம்; வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சாளைச் சட்டியை ஒளித்து வைப்பார்கள். இன்று அதே சாளையை நான் மருந்துச் சீட்டில் எழுதாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நெத்திலியும் நல்லது. முள்ளோடு மென்று தின்றால் கால்சியமும் கிடைக்கும். கட்லா, ரோகு, ஜிலேபி போன்ற அணை மீன்களில் ஒமேகா 3 குறைவு, புரதம் தாராளம். மட்டனுக்குப் பதிலாக என்றால் அவையும் சரிதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கடல் மீன் விலை ஏறும், பல நாள் ஐஸில் கிடந்த மீனும் சந்தைக்கு வரும். அந்த இரண்டு மாதம் அணை மீனே மேல்.

எவ்வளவு? வாரம் இரண்டு வேளை, ஒரு வேளைக்குச் சுத்தம் செய்தபின் 100 முதல் 125 கிராம். மத்தியில் நாலைந்து வரும்.

உங்கள் ஊர் உக்கடம் மீன் சந்தைக்கு வரும் கடல் மீன் எல்லாமே வெகுதூரம் ஐஸில் பயணம் செய்து வருவது என்பதை மறக்க வேண்டாம். கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அமுக்கினால் சதை மேலே எழுகிறதா என்று பாருங்கள். கடல் வாசம் இருக்கலாம், நாற்றம் இருக்கக் கூடாது. வாங்கியதும் வீட்டுக்குப் போய்விடுங்கள். பேங்க், ரேஷன் கடை வேலைகளை முதலிலேயே முடித்துவிட்டு மீனைக் கடைசியாக வாங்குங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு இரவில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். முகம், கழுத்து எல்லாம் சிவந்து, தலைவலி, படபடப்பு. ஏதோ அலர்ஜி என்று பயந்து போயிருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மீன் அலர்ஜி வருமா? விசாரித்தால், காலையில் வாங்கிய அயிலை மதியம் வரை ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்திருக்கிறது. மத்தி, அயிலை, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றில் கிருமிகள் பெருகி ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். மீனுக்கு நாற்றமே வராமல்கூட இது நடக்கும். இதில் மோசமான விஷயம், எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு கடித்ததுபோல் உறைத்தால் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். மூச்சு முட்டினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அவர்கள் மூவரும் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பிவிட்டார்கள், அது வேறு கதை.

சரி, சமையல். ரசம் வைக்கத் தெரிந்த கைக்கு மீன் குழம்பு எட்டாத வித்தை இல்லை. புளியைக் கரைப்பதில் பாதி வேலை முடிந்தது. தலையும் குடலும் நீக்கி, செதில் எடுத்துத் தரச் சொல்லி மீன்காரரிடமே வாங்கிவிடுங்கள். ஒரு மண்சட்டியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய், கால் டீஸ்பூன் வெந்தயம், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, பத்துச் சின்ன வெங்காயம். வதங்கியதும் ஒரு தக்காளி. பிறகு நெல்லிக்காய் அளவு புளியின் கரைசலில் மஞ்சள், மிளகாய்த்தூள், மல்லித்தூள் கலந்து ஊற்றி, பச்சை வாசனை போகப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மீனைப் போட்டபின் ஆறேழு நிமிடம் போதும். அதற்குப் பிறகு கரண்டி உள்ளே போகக் கூடாது, மீன் உடைந்துவிடும். சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றி விடுங்கள். இரண்டு வேளைக்கான குழம்புக்குத் தட்டையாக அரை டீஸ்பூன் உப்பு. புளிப்பும் காரமும் இருப்பதால் நாக்கு அவ்வளவாகச் சண்டை போடாது.

குழம்புக்கு மனம் இல்லாத நாளில் அயிலையில் இரண்டு பக்கமும் கீறி, மிளகு, பூண்டு, மஞ்சள், எலுமிச்சைச் சாறு தடவி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நெருப்பில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, சிறு தீயில் மூடி வேகவிட வேண்டும். பக்கத்துக்கு ஆறேழு நிமிடம். சதை வெள்ளையாகி, முள்ளை விட்டுத் தானாகக் கழன்றால் வெந்துவிட்டது. தோசைக்கல்லை நம்ப முடியவில்லையா? அதே பொட்டலத்தை இட்லிப் பானையில் வைத்து அவித்துவிடுங்கள்.

குழம்பில் ஓர் ஆபத்து உண்டு, அது மீனில் இல்லை. நல்ல மீன் குழம்பு மூன்றாவது முறை சோறு கேட்கும். சர்க்கரை உள்ளவருக்கு அங்கேதான் வினை. ஒரு கப் சோறு, அதே அளவுக்குக் குறையாமல் கீரையோ பொரியலோ என்று முதலிலேயே தட்டில் வைத்துவிட்டுப் பானையை அடுக்களையில் விட்டுவிட்டு வந்து உட்காருங்கள்.

இரவில் சாப்பிடலாமா என்றால், தாராளமாக. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு முடித்துக்கொள்ளுங்கள், போதும். மோர் விஷயம் தலைமுறை தலைமுறையாக வருகிற பயம். வெண்புள்ளி என்பது நம் எதிர்ப்பு சக்தியே தோலுக்கு நிறம் தரும் செல்களைத் தாக்குவதால் வருவது. மீனும் மோரும் சேர்ந்தால் அது வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இனி உங்கள் அக்கா. அவர் சொல்வதில் பாசம் இருக்கிறது, நம் கடற்கரை ஊர்களில் வேரோடிய பழக்கமும் இருக்கிறது. ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் மீன். சின்ன மீன்களில் துளித்துளியாக இருக்கும் பாதரசம் எல்லாம் அதன் உடம்பில் வந்து சேர்கிறது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவை வைத்திருக்கிறது. வளரும் மூளையைப் பாதரசம் பாதிக்கும். பால் சுரப்பதற்கு முக்கியமான தூண்டுதல் குழந்தை அடிக்கடி சப்பிக் குடிப்பதுதான். தாய்க்குத் தேவை போதுமான சாப்பாடும் தண்ணீரும் தூக்கமும். அக்காவிடம் நேருக்கு நேர் "கூடாது" என்று சொல்லி வம்பை வளர்க்க வேண்டாம். சங்கராவையோ சின்னப் பாறை மீனையோ அவித்து, முள்ளை எடுத்து உதிர்த்து, அதே இஞ்சி, பூண்டு, மிளகு, சின்ன வெங்காயம் போட்டுப் புட்டு செய்யச் சொல்லுங்கள். மணம் அதேதான் வரும். மகளுக்கு மத்தி, நெத்திலி, சங்கரா போன்றவற்றை வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம். பெரிய வஞ்சிரத்தை அவளுக்கு இந்தக் காலத்தில் தவிர்த்துவிடலாம். கருவாடு உங்கள் பிபிக்கு வேண்டாம், அவள் ஆசைப்பட்டால் கொஞ்சம் சாப்பிடட்டும்.

மீன் எண்ணெய் மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து யாராவது டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து தருவார்கள். அதிக அளவில் எடுத்தால் சிலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகும். ஸ்டென்ட்டுக்காக ரத்தம் உறையாமல் இருக்க நீங்கள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பதால், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

தனியாகச் சாப்பிடுபவர் என்பதால் ஒன்று. தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், முள் இன்னும் ஆழமாகக் குத்தும். வலி நிற்கவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். டிவி பார்த்துக்கொண்டே மத்தி தின்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம்.

நேற்று வைத்த குழம்புக்குத்தான் ருசி என்பதை நானும் மறுக்க மாட்டேன். ஆனால் அதை ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவைக்கக் கூடாது. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள், இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது யூரிக் அமிலமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். யூரிக் அமிலம் ஏறியிருந்து கால் கட்டைவிரல் வீங்கும் பழக்கம் இருந்தால் மத்தியையும் நெத்திலியையும் குறைத்துச் சங்கராவுக்கு மாற வேண்டியிருக்கும். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.