பதில்: நவம்பரில் மாமல்லபுரம், முதன்முறை சந்திக்கும் குழு

வணக்கம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பன்னிரண்டு பேரை மூன்று நாள் மாமல்லபுரம் கூட்டிப் போகிறீர்கள், ஆளுக்கொரு மூலையில் போனோடு உட்கார்ந்துவிடுவார்களோ என்று கவலைப்படுகிறீர்கள். சரி.

முதலில் மாதத்தை மாற்றுங்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. புயல் வந்தால் கடற்கரைப் பக்கமே போக முடியாது. பிப்ரவரி அருமையாக இருக்கும்.

முதல் நாள் கூட்டமே வேண்டாம். பயணக் களைப்போடு வருகிறவர்களை வட்டமாக நிறுத்தி, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது கொடுமை. வெயில் தாழ்ந்ததும் அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்துக்கு நடந்தே போங்கள். அதில் முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதன் காலடியில் எலிகளையும் அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். பேச்சு தானாக வரும்.

மறுநாள் காலை, சென்னை போகும் வழியில் இருக்கும் கோவளத்தில் அலைச்சறுக்குப் பயிற்சி வைக்கலாம், பயிற்சியாளரோடு மட்டும். தண்ணீருக்குப் பயப்படுகிறவர்களை வற்புறுத்தாதீர்கள். கடற்கரைக் கோயில் பக்கம் யாரையும் கடலில் இறங்க விடாதீர்கள், இழுப்பு அதிகம்.

வேலைப் பேச்சுக்கு அன்று மதியம் போதும். அறை மட்டும் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அப்புறம், வேனை முன்கூட்டியே பேசிவிடுங்கள். சனி, ஞாயிறில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலாக இருக்கும்.