மலேரியா ஆராய்ச்சிக்கும் பொண்ணுங்க பீரியட்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

ரெண்டையும் ஒரே ஆளுங்க ஆராய்ச்சி பண்றது ஏன்னு கேட்டிருந்தீங்க. சுருக்கமா சொன்னா ரத்தம் தான் காரணம். மலேரியா கிருமி சிவப்பணுக்குள்ள புகுந்து பெருகி அத வெடிக்க வச்சுட்டு வெளிய வரும், அதனால ஹீமோகுளோபின் குறையும். வயசுக்கு வந்த பொண்ணுக்கு மாசாமாசம் 30-40 மில்லி ரத்தம் வேற போகுது, 80 மில்லிக்கு மேல போனா அது அதிகப்போக்கு. ரெண்டும் ஒண்ணா சேர்ந்தா ரத்தசோகை வந்து, கீழ் இமைய இழுத்துப் பார்த்தாலே வெளுத்துக் கிடக்கும்.

சரி இரும்புச்சத்து மாத்திரை குடுத்துட்டா போதாதான்னா, அங்கதான் சிக்கல். கிழக்கு ஆப்பிரிக்காவுல சான்சிபார் பக்கத்துல, மலேரியா அதிகமா இருந்த பெம்பா தீவுல சின்னப் பசங்களுக்கு இரும்பு, ஃபோலிக் ஆசிட் குடுத்து பார்த்ததுல ஆஸ்பத்திரி சேர்க்கையும் சாவும் கூடிருச்சுன்னு 2006ல வெளியாச்சு, அதுக்கப்புறம் தான் மலேரியா இருக்கிற ஊர்ல தடுப்பு, சிகிச்சை ஏற்பாட்டோட சேர்த்துத்தான் இரும்பு குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

மலேரியா, பீரியட்ஸ் ரெண்டையும் ஒரே ஆள் ஆராய்ச்சி பண்றத மேற்கு கென்யாவுல கண்ணால பார்க்கலாம். அங்க மருந்து தோய்ச்ச கொசுவலை ஆய்வுல வேலை செஞ்ச ஆராய்ச்சியாளர் பெனலோபி பிலிப்ஸ்-ஹோவர்ட் பின்னாடி அதே பகுதியில 96 பள்ளிக்கூடத்துல, மென்ஸ்ட்ருவல் கப் (பீரியட்ஸ் ரத்தத்த பிடிக்க உள்ள வைக்கிற, கழுவி திரும்பத் திரும்ப பயன்படுத்துற சின்னக் கிண்ணம்) குடுத்தா, பணம் குடுத்தா, ரெண்டும் குடுத்தா என்ன ஆகுதுன்னு சோதிச்சாங்க. என்னைக் கேட்டா கப்ப விட தண்ணி தான் பெரிய விஷயம், கைய கழுவிட்டுத்தான் போடணும், பீரியட்ஸ் முடிஞ்சதும் பாத்திரத்துல போட்டு கொதிக்க வைக்கணும், பூட்டு இல்லாத பள்ளிக்கூட கழிவறையில நின்னுக்கிட்டு ஒரு பொண்ணு இத எப்படி சமாளிப்பா.