வலது கை எழும்பும் இடம்

அன்புள்ள ஐயா,

ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அந்தக் குழுவின் பாடல்களைத் தேடிக் கேட்டேன். ஏமாற்றம்தான். நான் கல்லூரி நண்பர்களின் ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். அவர் வாசிப்பதை முதல் வருடத்திலேயே வாசித்துவிட்டேன். கீத் மூன், ஜான் போனம் போன்ற ராக் டிரம்ஸ்காரர்களின் அதிரடி இல்லை, தனி ஆவர்த்தனம் இல்லை. பாடகருக்குப் பின்னால் அரை நூற்றாண்டு உட்கார்ந்திருப்பது ஒரு கலைஞனின் வாழ்க்கையா? எங்கள் குழுவிலும் பாட்டு எழுதுபவர்களின் பெயர்தான் வெளியே தெரிகிறது. இரண்டு காலாலும் பெரிய டிரம்மை அடிக்க உதவும் டபுள் பெடல் வாங்கி வேகத்தைக் கூட்டலாமா, அல்லது குழுவை விட்டே விலகலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பி,

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று சில காலமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வசமாக வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

டபுள் பெடல் உங்கள் பணம், உங்கள் கால். அவர் வாசிப்பதை முதல் வருடத்திலேயே வாசித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. வாசிக்கவில்லை, தம்பி. நீங்கள் எட்டு அடித்திருப்பீர்கள். அவர் ஆறுதான் அடித்தார்.

வழக்கமான ராக் தாளத்தில் வலது கை, நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்கு எட்டு முறை, ஹை-ஹாட் என்னும் ஜோடி உலோகத் தட்டில் விழும். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் இடது கை ஸ்நேர் என்னும் சிறிய டிரம்மில் விழும். அந்த இரண்டு இடங்களிலும் இரு கைகளும் சேர்ந்தே அடிப்பதுதான் வழக்கம். வாட்ஸ் பெரும்பாலும் அங்கே வலது கையைத் தூக்கிவிடுவார். உலோகச் சலசலப்பு எதுவும் கூட வராமல் ஸ்நேர் தன்னந்தனியாக விழும். ஒலியை அணைத்துவிட்டு அவருடைய மேடைப் பதிவு ஒன்றைப் பாருங்கள், அந்தக் கை எழும்பி இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஸ்நேரை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் இது கிடைக்காது, ஏனென்றால் ஹை-ஹாட்டும் கூடவே கத்திக்கொண்டிருக்கும். பக்கத்து அடியை எடுத்தால்தான் இந்த அடி பெரிதாகும். மறுபடியும் சொல்கிறேன்: அடிக்கத் தெரியாமல் விட்ட அடி அல்ல அது. சுற்றுக்குச் சுற்று, பல்லாயிரம் பேர் முன்னால், வேண்டாம் என்று விட்டது.

தனி ஆவர்த்தனம் கேட்கிறீர்கள். கச்சேரியில் தனி தொடங்கியதும் காப்பி குடிக்க எழுந்துபோகும் கூட்டம் நாம். நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?

மூனும் போனமும் மேதைகள், அதில் சண்டையே இல்லை. மூன் 1978-லும் போனம் 1980-லும், இருவரும் 32 வயதில் போய்ச் சேர்ந்தார்கள். ஒழுக்கம் போதிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாட்ஸே எண்பதுகளின் நடுவில் ஹெராயினிலும் மதுவிலும் விழுந்து எழுந்தவர்தான். போனமை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். மெதுவான பாடல்களில் அவரும் எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறார் என்பது உங்கள் காதில் விழவேயில்லை போலிருக்கிறது.

ஒரு கலைஞனின் வாழ்க்கையா என்று கேட்டீர்கள். பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியத்தின் கழுத்தைக் கழற்றிவிட்டு அதன் உடலை டிரம்மாக்கித் தட்டிக்கொண்டிருந்த பையன் வாட்ஸ். ஓவியப் பள்ளியில் படித்து, விளம்பரத் துறையில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். 1963 ஜனவரியில் குழுவில் சேர்ந்தவர், 2021 ஆகஸ்டில் 80 வயதில் இறக்கும்வரை அதில் இருந்தார். மனம் முழுக்க ஜாஸ். ராக் மேடையிலும் இடது குச்சியை ஜாஸ்காரர்கள் பிடிப்பதுபோலவே பிடித்தார். ஜாஸ் ஆசைக்கென்று தனியாக ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவே நடத்தினார். 1967 முதல், சுற்றுப்பயணங்களில் தான் படுத்த ஹோட்டல் கட்டில்களை எல்லாம் வரைந்துவைத்தார். இதைவிட வேறென்ன வேண்டும் உங்களுக்கு?

இன்னொன்று. 1969-இல் வந்த ‘லெட் இட் ப்ளீட்’ தொகுப்பின் கடைசிப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் வாட்ஸ் அல்லர், தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். கேட்ட தாளம் வாட்ஸுக்குப் பிடிபடவில்லை, மில்லரே உட்கார்ந்து வாசித்தார். பிறகு மேடைகளில் அந்தப் பாட்டை வாட்ஸ்தான் வாசித்தார், மில்லரின் தாளத்தைக் கற்றுக்கொண்டு. நீங்களாக இருந்தால் அன்றைக்கே டிரம்ஸை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் உங்கள் கோபம் நியாயமானது. ரோலிங் ஸ்டோன்ஸின் சொந்தப் பாடல்களில் பெரும்பாலானவை பாடகர் ஜாகர், கிதார்காரர் ரிச்சர்ட்ஸ் இருவர் பெயரில்தான் இருக்கின்றன. டிரம்ஸ்காரர் கண்டுபிடிக்கும் தாளத்தைப் பாட்டு எழுதியதாகக் கணக்கில் சேர்க்காதது இந்தத் துறையின் பழைய அநியாயம். நட்பு கசப்பதற்கு முன்பே உட்கார்ந்து பேசி, யாருக்கு என்ன பங்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஒத்திகையில் ஒரு பாட்டை முழுக்க ஆறு அடியில் வாசியுங்கள். முதலில் கை பேச்சைக் கேட்காது. பாடகருக்கு எவ்வளவு கைதட்டல் என்று எண்ணாமல் கிதாரைக் கவனியுங்கள். வாட்ஸ் ரிச்சர்ட்ஸின் கிதாரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். நன்றாக இருந்தால் ஒரு வரி எழுதுகிறேன். இல்லாவிட்டால் பதில் இதைவிட நீளமாக இருக்கும்.

அன்புடன்.