புதிதாக லினக்ஸ் போட்ட கணினியில் அவசியம் நிறுவ வேண்டிய மென்பொருட்கள் எவை?

கேள்வி கேட்டவர் விண்டோஸ் 10-ஐ விட்டுவிட்டு லினக்ஸ் மின்ட்டுக்கு வந்திருக்கிறார். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். பிள்ளைகளின் படிப்புக்கும், கொஞ்சம் தமிழ், பர்மிய எழுத்து வேலைக்கும் வேண்டும் என்கிறார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினிகளை ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் இந்தக் கேள்வியை இப்போது நானும் நிறையக் கேட்கிறேன்.

நான் இருப்பது ரங்கூனில். தெரிந்தவர்கள் வீட்டுக் கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பது என் பொழுதுபோக்கு. "கட்டாயம் நிறுவ வேண்டிய 25 மென்பொருட்கள்" மாதிரியான பட்டியல்களை எழுதுகிறவர்களுக்குக் கரண்ட் போகாது, நெட்டும் அறுபடாது. இங்கே முறை வைத்துத்தான் கரண்ட் வருகிறது. நெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே எந்த மென்பொருளைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: நெட் இல்லாதபோது இது வேலை செய்யுமா, திடீரென்று கரண்ட் போனால் என்ன மிஞ்சும்? என் பதிலும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. மின்ட்டில் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ், பிடிஎஃப் பார்க்கும் செயலி, படம் பார்க்கும் செயலி, கணினியைப் பழைய நிலைக்கு மீட்கும் டைம்ஷிஃப்ட், கணினிகளுக்கிடையே கோப்பு மாற்றும் வார்ப்பினேட்டர் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பாதிப் பட்டியல் அங்கேயே தீர்ந்தது. பாட்டு, வீடியோ ஓடுவதற்கான கோடெக்குகளை மெனுவில் உள்ள மல்டிமீடியா கோடெக்ஸ் என்ற ஒரே பொத்தானில் போட்டுவிடலாம். கூடவே விஎல்சி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரியும்.

நான் உட்கார்ந்தவுடன் செய்வது மொழி வேலை. கணினியில் தமிழும் பர்மியமும் ஒழுங்காகத் தெரியாவிட்டால், தட்டச்சு வராவிட்டால், மற்றது எது இருந்தும் அந்த வீட்டில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். எழுத்துருவுக்கு நோட்டோ தொகுப்பு போதும். தமிழுக்கும் பர்மியத்துக்கும் அதில் நல்ல எழுத்துருக்கள் உண்டு. பர்மியத்துக்கு எஸ்ஐஎல் நிறுவனத்தின் படாவுக் எழுத்துருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அச்சில் பார்க்க லட்சணமாக இருக்கும்.

தட்டச்சில் கொஞ்சம் கவனம் வேண்டும். கீபோர்டு அமைப்பில் போய்த் தமிழ் என்று தேடினால் நாலைந்து வரும். அதில் டிஸ்கி, டேப் என்று பெயர் போட்டிருப்பவை யூனிகோடு என்ற உலகப் பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய காலத்துச் சமாச்சாரம். அவற்றைத் தொட வேண்டாம். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் உருவான தமிழ்99 அமைப்பும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து எடுத்தால் ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற அளவில்தான் வரும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் தானாகப் புள்ளி விழுவது, அகரமேறிய மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாவது போன்ற தமிழ்99-இன் அருமையான வசதிகள் வேண்டுமென்றால் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளும் அதோடு ஐபஸ்-எம்17என் என்ற மென்பொருள் பொதியும் நிறுவ வேண்டும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிப்பு முறையும் அதிலேயே உண்டு. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது. தமிழ்99-ஐ சீக்கிரமே பழக்கிவிடுங்கள் என்று நான் சொல்வேன், யாரும் கேட்பதில்லை.

பர்மியத்திலும் இதே வம்பு உண்டு. பட்டியலில் வெறும் பர்மியம் என்றும், பர்மியம் ஸவ்ஜீ என்றும் இரண்டு இருக்கும். முதலாவதை எடுங்கள். 2019 அக்டோபர் 1-ஆம் தேதியை வைத்து நாடே யூனிகோடுக்கு மாறியது. அதுவரை பெரும்பாலோர் கையில் இருந்தது ஸவ்ஜீதான். தமிழில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடு எழுத்துருவில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஸவ்ஜீ அப்படியில்லை. யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களில் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை வைத்திருக்கிறது. அதனால் பழைய கோப்பு கிட்டத்தட்டப் பர்மியம் மாதிரியே தெரியும், எழுத்துகள் மட்டும் இடம் மாறிக் கிடக்கும். "அண்ணே, லினக்ஸில் பர்மா எழுத்து உடையுது" என்று யாராவது சொன்னால், தொண்ணூறு சதவீதம் அது பழைய ஸவ்ஜீ கோப்பாகத்தான் இருக்கும், லினக்ஸ்மேல் குற்றமில்லை. ஐசியு-டெவ்டூல்ஸ் என்ற பொதியில் யூகான்வ் என்றொரு சின்னக் கருவி இருக்கிறது. நெட் இல்லாமலேயே ஸவ்ஜீயை யூனிகோடாக்கும். ஏற்கெனவே யூனிகோடில் இருக்கும் கோப்புக்கு அதை ஓட்டிவிடாதீர்கள், நல்லதும் கெட்டுவிடும். பாமினிக்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் மாற்றி இருக்கிறது.

லிப்ரேஆஃபிஸில் ஒரே பக்கத்தில் தமிழும் பர்மியமும் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நம் ஊரில் தீமிதி அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தானே. லிப்ரேஆஃபிஸ் தமிழையும் பர்மியத்தையும் 'சிக்கலான எழுத்து அமைப்பு' என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறது. அந்தப் பெட்டிக்கு ஒரு எழுத்துருதான் கொடுக்க முடியும். தமிழுக்குச் சரியாக வைத்தால் பர்மியம் வேறு ஏதோ ஒன்றில் வந்து நிற்கும். இதற்கு வழி, பர்மியத்துக்கென்று தனியாக ஒரு எழுத்து நடையை (கேரக்டர் ஸ்டைல்) உருவாக்கி, அதில் படாவுக்கை வைத்து, பர்மிய வரிகளைத் தேர்ந்து அந்த நடையைக் கொடுப்பது. ஒருமுறை செய்து வார்ப்புருவாகச் சேமித்தால் அடுத்த விழாவுக்கும் உதவும். அச்சகத்துக்கு அனுப்பும் தரத்தில் பக்கம் கட்ட ஸ்கிரைபஸ் நல்லது, ஆனால் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 1.4 வரிசையில் தமிழ் கொம்பும் காலும் தனித்தனியாக ஓடும். 1.5.3-இல்தான் இந்த மாதிரி எழுத்துகளுக்கு ஆதரவு வந்தது, நிலையான 1.6 பதிப்பு 2024 ஜனவரியில் வெளியானது. யாரோ எப்போதோ "ஸ்கிரைபஸில் தமிழ் வராது" என்று எழுதியதைப் படித்துவிட்டு இன்றைக்கும் அதைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கரண்டுக்கு வருவோம். லேப்டாப் என்றால் பேட்டரி இருக்கிறது என்று நினைப்போம். பழைய லேப்டாப்பின் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். நிறுவுவதற்கு முன்னால் மாற்ற வேண்டியது ஒரு எண். லிப்ரேஆஃபிஸ் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புத் தகவலைச் சேமிக்கும். அமைப்புகளில் போய் அதை 2 ஆக்குங்கள். பக்கத்திலேயே 'எப்போதும் காப்பு நகல் உருவாக்கு' என்றிருக்கும், அதையும் டிக் செய்யுங்கள். மின்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 கோப்பு முறை திடீர் மின்வெட்டை நன்றாகவே தாங்கும், டிஸ்க் முழுதும் பாழாவது அபூர்வம். சேமிக்காத நான்கு பக்கத்தை மட்டும் எந்தக் கோப்பு முறையாலும் திருப்பித் தர முடியாது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாக நிற்க டிஎல்பி நிறுவலாம். பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்ற இன்னொன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் மோதும், ஒன்றை எடுத்துவிடுங்கள். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் யுபிஎஸ் வாங்கும்போது யுஎஸ்பி வயர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நட் என்ற மென்பொருள் அந்த வயர் வழியே பேட்டரி அளவைப் பார்த்து, தீரப்போகும் நேரத்தில் கணினியை முறையாக அணைத்துவிடும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இது பெரிய உதவி.

டைம்ஷிஃப்ட் ஏற்கெனவே இருக்கிறது என்றேன். இருந்தால் மட்டும் போதாது, திறந்து கால அட்டவணை வைக்க வேண்டும். அப்டேட் ஏதாவது சொதப்பினால் நேற்றைய நிலைக்குப் போய்விடலாம். ஆனால் அது காப்பாற்றுவது கணினி அமைப்பை மட்டும்தான். உங்கள் வீட்டுக் கோப்புறையை, அதாவது படங்களையும் ஆவணங்களையும், அது சாதாரணமாகத் தொடாது. அதற்குத் தனியாக டெஜா டப் நிறுவி, வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். டைம்ஷிஃப்ட் ஓடுகிறதே என்று தெம்பாக இருந்து கல்யாண ஆல்பத்தைத் தொலைத்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

நெட் இல்லாத நேரத்துக்கென்று நான் எல்லா வீட்டிலும் போடுவது கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரே கோப்பாக இறக்கி வைத்து, நெட் இல்லாமல் தேடிப் படிக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு ஏறக்குறைய 100 ஜிபி வரும், அது நமக்கு ஆகாது. தமிழ் விக்கிப்பீடியா அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, பர்மிய விக்கிப்பீடியாவும் அப்படியே. ஒருவர் இறக்கிவிட்டால் பென்டிரைவில் தெருவுக்கே கொடுக்கலாம். வீட்டுக்குள் கோப்பு மாற்ற வார்ப்பினேட்டர் போதும், ஒரே வைஃபையில் இரண்டு கணினியும் இருந்தால் வேலை செய்யும், வெளி நெட் தேவையில்லை. போனோடு மாற்ற கேடிஈ கனெக்ட். பாஸ்வேர்டுகளுக்கு கீபாஸ்எக்ஸ்சி. எல்லாம் உங்கள் டிஸ்க்கிலேயே ஒரு பூட்டிய கோப்பில் இருக்கும், யாருடைய சர்வரும் எழுந்திருக்கக் காத்திருக்க வேண்டாம்.

நெட் இருக்கும்போது அதை வீணாக்காமல் இருப்பதும் முக்கியம். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போட்டுவிடுங்கள். விளம்பரம் இறங்காததால் டேட்டா மிச்சம், 4 ஜிபி ராமுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். குரோமில் அதன் முழுப் பதிப்பு இப்போது ஓடுவதில்லை, லைட் என்ற குறைந்த பதிப்புதான். ஃபயர்ஃபாக்ஸிலேயே இருக்கச் சொல்வதற்கு அது ஒன்றே காரணம் போதும். அப்டேட் சர்வரையும் மாற்றுங்கள். மென்பொருள் மூலங்கள் என்ற பகுதியில் மிரர் எனப்படும் நகல் சர்வர்களை வேகப்படி வரிசைப்படுத்திக் காட்டும், மேலே வருவதைத் தேர்ந்தால் போதும்.

ஒரே மென்பொருள் மின்ட்டின் வழக்கமான டெப் பொதியாகவும், ஃபிளாட்பேக் என்ற தனி வகைப் பொதியாகவும் கிடைத்தால், இங்கே இருப்பவர்கள் டெப்பை எடுங்கள். ஃபிளாட்பேக் மோசமில்லை. ஆனால் முதல் செயலியோடு அதன் அடித்தளமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும், உப்பு வாங்கப் போய்க் கடையையே தூக்கி வந்த மாதிரி. சினாப்டிக் என்ற பொதி மேலாளரையும் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய பொதிகளைத் தேர்ந்து, 'இறக்கும் ஸ்கிரிப்ட்' ஒன்றை உருவாக்கித் தரும். நெட் நன்றாக உள்ள நண்பர் வீட்டில் அதை ஓட்டி, பொதிகளை பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம். மோல்மேன் பக்கம் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் வீட்டு லேப்டாப்பை இப்படித்தான் பராமரிக்கிறோம். இங்கே எல்லார் கையிலும் இருக்கும் வைபருக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு.

பழைய விழா மலர், கையேடு எதையாவது ஸ்கேன் செய்து எழுத்தாக்க நினைத்தால் டெசரக்ட்டைத் தமிழ், பர்மியத் தரவுகளோடு நிறுவுங்கள். தெளிவான அச்சுத் தமிழை நன்றாகப் படிக்கிறது, மங்கிய பழைய அச்சில் தடுமாறுகிறது. பிழை திருத்த ஆள் வேண்டும்.

நிறுவக் கூடாதவை என்றும் சில உண்டு. கணினியை 'வேகமாக்கும்', 'சுத்தம் செய்யும்' எதுவும் வேண்டாம். ஆன்டிவைரஸ் உங்களுக்காகத் தேவையில்லை. அச்சுக்கடைக்கும் வீட்டுக்குமாகப் போய்வரும் பென்டிரைவில் விண்டோஸ் வைரஸ் இருந்தால் பிறருக்குப் பரவாமல் இருக்க கிளாம்ஏவி ஒன்று போதும். ஃபயர்வால் உள்ளே இருக்கிறது, அணைந்திருக்கும், பொத்தானைத் தள்ளி விடுங்கள். விபிஎன் எது நல்லது என்று உள்பெட்டியில் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் இங்கே இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது, அதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள், நான் அந்தப் பேச்சுக்கு வரவில்லை.

பிரிண்டரைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கே இன்னொரு கேள்வி வரும். புது வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் எந்த டிரைவரும் இல்லாமல் தானாக வந்துவிடும். எச்பி என்றால் எச்பிலிப், எப்சன் இங்க்ஜெட் என்றால் எஸ்கேப்பிஆர் டிரைவர். கேப்ட் என்ற தனி மொழி பேசும் கேனனின் பழைய சின்ன லேசர் பிரிண்டர்களிடம்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். உங்களிடம் அந்த வகை இருந்தால் மாடல் எண்ணைக் கீழே எழுதுங்கள், ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.