கோத்தகிரிப் பள்ளித் தோழிகள் ஒருத்தியை ஒதுக்குவதை இளையோர் நாவலில் நம்பும்படி எழுதுவது எப்படி?

ஒன்பதாம் வகுப்பில் ஐந்து தோழிகள், ஒருத்தியை மற்ற நால்வரும் ஒதுக்குகிறார்கள், எழுதினால் சீரியல் வில்லிகள் மாதிரி வருகிறது என்கிறீர்கள். அவர்களை அதிகம் பேச விடுவதால்தான் அப்படி வருகிறது. இந்த வயதில் ஒதுக்குவதற்குத் திட்டவே வேண்டியதில்லை. மிஸ்ஸிடம் போய்ச் சொன்னால் புகாராகவே தெரியாது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நியாயமான காரணம் தயாராக இருக்கும். காட்சியை எழுதுமுன் அந்தக் காரணத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு காட்சியைப் பாருங்கள்: ஐப்பசி மழை, நாலு நாளாக வெயில் இல்லை. ஒதுக்கப்படுபவள் இருக்கும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் ஸ்வெட்டரை விறகடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைக்க முடியும். புகை வாடை ஏறிவிடும். அவள் பஸ்ஸில் வந்து உட்கார்ந்ததும் முன்சீட்டுக்காரி ஜன்னல் கண்ணாடியைத் தள்ளுகிறாள். சாரல் அடித்து நால்வரும் நனைகிறார்கள், யாரும் மூடவில்லை. கேட்டால், “வாமிட் வர்ற மாதிரி இருந்துச்சு மிஸ்.” கொண்டை ஊசி வளைவு ரோட்டில் அதை யார் மறுக்க முடியும்? ‘புகை’ என்ற சொல் அந்தக் காட்சியில் வரவே கூடாது. முந்தைய அத்தியாயத்தில் அம்மா ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்து, “காஞ்சிருச்சு, போட்டுக்க” என்று சொல்லியிருந்தால் போதும்.

வாட்ஸ்அப்பிலும் இதே கணக்குதான். குரூப்பிலிருந்து நீக்கினால் அது சாட்சியாகிவிடும், அதனால் நீக்க மாட்டார்கள். அவளில்லாமல் புதுக் குரூப் தொடங்குவார்கள், பழையது அடங்கிப்போகும். “நாளைக்கு ரெக்கார்ட் நோட் எடுத்துட்டு வரணுமா?” என்று அவள் போட்டதே கடைசி மெசேஜ். குரூப்பில் எல்லோரும் பார்த்த பிறகுதான் டிக் நீலமாகும். அது நீலமாகி இரண்டு நாள் ஆகிறது.

நால்வரையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள். பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவள்ளி குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, பாதிக்கப்படும் பிள்ளையைச் சுற்றி ஐந்து வகையினரைக் காட்டியது: தொடங்குபவர், கூடச் சேர்பவர், சிரித்து ஏற்றிவிடுபவர், காப்பவர், ஒதுங்கி நிற்பவர். தொடங்குபவள் நேற்றுவரை உயிர்த்தோழியாக இருக்கட்டும். புண்படுத்தத் தேவையான ரகசியம் அவளிடம்தான் இருக்கும். ஆனால் கதையைச் சொல்ல ஏற்றவள் ஒதுங்கி நிற்பவள் என்பேன். அடுத்தது தானோ என்ற பயம் அவளுக்கு. தனியாகப் பார்த்தால் பேசுவாள், மற்றவர்கள் வந்ததும் ஷூ லேஸ் கட்டக் குனிந்துகொள்வாள்.

சம்பவங்களை அடுக்கிவிடாதீர்கள். கதைக்குள் மூன்று வாரமாவது ஆகட்டும். நடுவில் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு டிபனில் பங்கு கொடுக்கட்டும். ‘இவள் ஏன் விலகிப் போகவில்லை?’ என்று வாசகர் கேட்பார். அந்த ஒருநாள்தான் பதில். அதை எழுதாமல் விட்டால் அவள் வெறும் அசடாகத் தெரிவாள்.

தலைமையாசிரியை எல்லோரையும் கூப்பிட்டுக் கைகுலுக்க வைப்பதை முடிவாக வைக்காதீர்கள், நடுவில் வையுங்கள். “நாங்க ஒண்ணுமே பண்ணலையே மிஸ்” என்று நால்வரும் சொல்வார்கள், அவள் பொய்க்காரி ஆவாள், மறுநாளிலிருந்து நிலைமை இன்னும் மோசமாகும். தற்கொலை எண்ணம்வரை கதை போனால் வழிமுறையை எழுதவே வேண்டாம். கடைசிப் பக்கத்தில் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அச்சிடுங்கள்.

முடிவுக்குப் பெரிய மன்னிப்பெல்லாம் தேவையில்லை. ஒதுங்கி நின்றவள் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து போய் அந்த ஜன்னலை மூடட்டும்.